சிலேட்டில் எட்டுத் தப்பு

அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கல்வி இலாகா வைத்திருந்த விலை இருபது தலை. ஒன்று குறைந்தாலும் பூட்டு. குற்றால மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிப் பிள்ளைகள் போன வருஷம் ஏழு பேர்தான் வந்தார்கள். 1978 மார்ச்சில், மூடும் உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு மனசில்லாமல்தான் படியேறினார் இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம்.

உள்ளே இருபத்துமூன்று தலைகள்! இரண்டு தடவை எண்ணினார்.

"எனக்குக் காட்டணும்னு பக்கத்து ஊர்ல இரவல் வாங்கின சரக்கா, வாத்தியாரே?"

"இல்லய்யா, தெனமும் வருதாங்க" என்றார் புது ஆசிரியர் செல்லச்சாமி.

மேஜையில் சிலேட்டுகள் இருந்தன. மலையில் கிடைக்கும் பத்துப் பொருள்களின் பெயர்களைப் பளியர் பேச்சிலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சரிக்குறி. ஒன்றில் மட்டும், பளியர் பேச்சில் எட்டுத் தப்பு.

"யாருலே இந்த மக்கு? வீட்டுல பேசுத பேச்சே வரலையே! ஏறுலே பெஞ்சு மேல!"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லச்சாமி தலையைச் சொறிந்தார்.

முன்வரிசை உச்சிமாகாளி எழுந்தாள். "அது எங்க சார்வாள் சிலேட்டு. நாங்கதான் திருத்துனோம்."

"நீங்களா?"

"முன்ன இருந்த சார்வாள் எங்க பேச்சைப் பேசினா அடிச்சாரு, ஓடிட்டோம். இவரு அதைப் படிக்காரு. நாங்க வரலைன்னா இவருக்கு யாரு சொல்லிக்குடுப்பா?"

குற்றாலிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். உத்தரவை நாலாக மடித்துப் பைக்கு அடியில் திணித்தார். ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினார்:

'மாணவர் இருபத்துமூன்று, தேர்ச்சி இருபத்துமூன்று. ஆசிரியர் ஒருவர், தேர்ச்சி பாக்கி.'