வீட்டிலிருந்து திறக்காத லிங்க்

இணையப் பாடப்பக்கத்திலிருந்து லிங்க் கூட்டிவந்த நாற்பத்தோராவது மாணவியின் மூஞ்சியிலும் ஆய்விதழின் இணையதளக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"பல்கலைக்கழகத்துக்குள்ளேயிருந்து வந்தா விடுவேன். வீட்டிலிருந்து வர்றவங்கள நூலகத்தோட லாகின் வழியா கூட்டிட்டு வாடா. எத்தனை தடவை சொல்றது?" என்றது கதவு.

"அந்த வழியை எனக்கு எழுதியே தரலையே! பேராசிரியர் பல்கலைக்கழகத்துல தன் அறையில திறந்த முகவரியை அப்படியே எடுத்து ஒட்டிட்டாரு" என்றது லிங்க்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஆய்விதழிலுள்ள கட்டுரையைப் படித்துக் குறிப்பு எழுதாவிட்டால் ஒருத்தருக்கும் மதிப்பெண் கிடையாது. புகார் போகும்போதெல்லாம் பேராசிரியர் தன் அறையில் உட்கார்ந்தபடியே அழுத்திப் பார்ப்பார். திறக்கும். "எனக்கு நல்லாத்தானே திறக்குது" என்று பதில் போட்டுவிடுவார்.

பாடப்பக்கத்தின் உச்சியில் இருந்த பாடத்திட்டம் லிங்க்கை அதட்டியது. "தம்பி, இன்னிக்கும் அழுத்துவாரு. ஒழுங்கா திறந்துடு. திறக்காத லிங்க்கைத் தூக்கிடுவாங்க, தெரியும்ல?"

"தூக்கட்டும். இல்லன்னா சரியா எழுதட்டும்."

பத்து மணிக்குப் பேராசிரியர் அழுத்தினார். அவருக்காகக் கதவு அகலத் திறந்துதான் இருந்தது. லிங்க் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.