சோப்பு

பித்தளைக் குழாயைத் திறந்து இரும்பு வாளியில் தண்ணீரை விழவிட்டால், மரகதவல்லி அழுவது வெளியே யாருக்கும் கேட்காது. பதினெட்டு வருஷம் அந்தப் பழைய குளியலறையில் அப்படித்தான் ஓடியது.

போன வாரம் கணவன் தணிகாசலம் அதை இடித்துப் புதிதாக்கினான். இப்போது தண்ணீர் ஓசையில்லாமல் பனிபோல் இறங்குகிறது. உள்ளே நடப்பதையெல்லாம் சுவரில் பதித்த கருவியே கவனித்து, வீட்டாரின் போனுக்குச் சேதி அனுப்பிவிடுகிறது.

இன்று மூன்று நிமிஷம்தான் அழுதிருப்பாள். கதவைத் திறந்தால் கணவனும் மாமியாரும் நின்றார்கள்.

“எதுக்கு அழுத? உனக்கு என்ன குறை வச்சேன்?” என்றான் தணிகாசலம்.

“அழலைங்க. கண்ணுல சோப்பு பட்டுருச்சு.”

இரண்டு போன்களும் ஒருசேரச் சிணுங்கின. மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்:

“இன்று சோப்பு எடுக்கப்படவில்லை.”