நடு உச்சி

தலையில் விரலை வைத்ததுமே செந்தாமரைக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய்.

கொஞ்சநஞ்சமல்ல, வேர்க்கால் வரைக்கும் ஊறியிருந்தது. நேற்றே அரக்கித் தேய்த்து, காலையில் படிய வாரி, மேலே ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் மகராசி.

"ரெண்டு நாளா ஒரே தலவலிக்கா. அம்மாதான் எண்ண வச்சி உட்டுட்டாங்க" என்றாள் நாற்காலியில் இருந்த இசைப்பிரியா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நெய்வேலி மெயின் பஜார் மாடியில் இருக்கிற மூளைப் பயிற்சி மையம் அது. படிப்பில் கவனம் நிற்காத பிள்ளைகளும் நைட் ஷிஃப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களும் வருவார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாங்க, எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு பிடிக்காது என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதே இந்த இசைப்பிரியாதான். ஆறு மாதமாகச் சொல்கிற வாய்க்குத் தன் தலை மட்டும் தெரியவில்லையாம்.

இன்றைக்குத் தேர்வு. இரண்டு பேருமே கான்ட்ராக்ட். ஒருத்தி பர்மனென்ட் ஆவாள், மற்றவள் வீட்டுக்குப் போவாள். ஒருத்தியின் நடு உச்சியில் மற்றவள் பத்து நிமிஷத்துக்குள் எலக்ட்ரோடு வைக்க வேண்டும். மூளையின் அலையைப் பிடிக்கிற, சட்டைப் பொத்தான் அளவு வெள்ளித் துண்டு, அவ்வளவுதான்.

"எடம்தாம்மா முக்கியம். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் நான் பாஸ் போட மாட்டேன்" என்று பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த டாக்டர் தெய்வசிகாமணி முதலிலேயே சொல்லிவிட்டார்.

இசைப்பிரியாவுக்கு என்ன? அப்பா மைன்ஸில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிறது. செந்தாமரையின் புருஷன் பன்னிரண்டு வருஷமாக அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற குடும்பத்தில் ஒருத்தராவது பர்மனென்ட் ஆக வேண்டாமா? அதைக் கெடுக்கத்தான் இந்தச் சிறுக்கி எண்ணெய் தடவிவிட்டாள்.

செந்தாமரை தன் வெள்ளை டேப்பை எடுத்தாள். மூக்கும் நெற்றியும் சேர்கிற பள்ளத்தில் நுனியை வைத்து, உச்சி வழியாகப் பின்மண்டை மேடு வரை இழுத்தாள். முப்பத்தாறு. பாதி, பதினெட்டு. அங்கே பேனாவால் ஒரு புள்ளி.

எலக்ட்ரோடை வைத்தாள். மெஷின் நாற்பது காட்டியது. ஐந்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காகப் பிடித்ததாகக் கணக்கு.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். சொரசொரப்பான பேஸ்டைப் போட்டுத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள்.

"ஸ்ஸ்... மெதுவாக்கா. எரியுது."

"எண்ண எறங்க வேணாமா? பொறுத்துக்க."

எரியட்டும் என்றுதான் தேய்த்தாள். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இருபத்திரண்டு. ஒன்பது. ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும்போது நான்கு.

அடுத்தது இசைப்பிரியாவின் முறை. செந்தாமரையின் தலை ஷாம்பு போட்டு அலசிக் காய்ந்த தலை. இவள் இப்படி வந்திருக்கிறாள், அவள் அப்படி வந்திருக்கிறாள். நியாயம் எங்கே இருக்கிறது பாருங்கள்.

இசைப்பிரியா ஆணியில் தொங்கிய தன் மஞ்சள் டேப்பை எடுத்தாள். அளந்தாள், புள்ளி வைத்தாள், ஒட்டினாள். ஆறே நிமிஷம். மெஷின் இரண்டு காட்டியது. கேட்காமலே டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பு.

செந்தாமரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கட்டும். எண் என்ன எண்? இடம்தானே முக்கியம்.

டாக்டர் எழுந்து வந்தார். இசைப்பிரியாவின் கையிலிருந்த மஞ்சள் டேப்பை அப்படியே வாங்கி, செந்தாமரையின் தலையை ஒருமுறை அளந்தார்.

"கரெக்ட். புள்ளியிலயே இருக்கு."

செந்தாமரை கண்ணைத் திறந்தாள்.

அதே டேப்போடு அவர் இசைப்பிரியாவின் தலைக்குப் போனார். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஒரு சென்டிமீட்டர் பின்னால வச்சிருக்கீங்கம்மா. அவ்வளவு எண்ணெயிலயும் நல்லாத்தான் பிடிக்க வச்சீங்க. ஆனா எடம் தப்பு."

செந்தாமரை அவர் கையிலிருந்த மஞ்சள் டேப்பையே பார்த்தாள். தப்பே இல்லை. பதினெட்டில் பதினெட்டாக வைத்தது. குட்டை டேப்பால் வைத்ததைக் குட்டை டேப்பே சரி என்கிறது. ஒழுங்காக வைத்ததைத் தப்பு என்கிறது.

"சார், என்னோட டேப்பால..." என்று வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

இரண்டு டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். நுனித் தகரத்தை என்னதான் நெம்பியெடுத்துத் திரும்பக் கவ்வ வைத்திருந்தாலும், மஞ்சளில் எண் மூன்றிலிருந்துதானே ஆரம்பிக்கிறது. நுனியில் இரண்டு போனால் பாதியில் ஒன்று தள்ளும். நேற்று சாயங்காலம் மையத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போனது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

"ஒன்னோட டேப்பால என்னாக்கா?" என்றாள் இசைப்பிரியா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குப்பைத்தொட்டியில் போட்டால் தெரிந்துபோகும் என்று நேற்று அதிலிருந்த பர்ஸின் உள்ளறையில் செருகியது, வழியில் வீசி எறிய மறந்துபோய் அங்கேயே இருந்தது.

இரண்டு சென்டிமீட்டர் மஞ்சள் துண்டு. அதில் ஒன்று, இரண்டு என்று எண்கள் அழியாமல் இருந்தன.