மறதிக்கார ஆளுநர்

"ஆளுநருக்கு ஓதத் தெரியவில்லை!"

மவ்ஸில் நகரத்திலிருந்து கலீஃபாவுக்குப் போன புகார் இவ்வளவுதான். கீழே நாற்பது பேருடைய முத்திரை.

ஆளுநரே முன்னால் நின்று குர்ஆன் ஓதித் தொழவைக்கிற ஊரில் இது சின்ன விஷயமா? பதவிக்கே உலை வைக்கிற விஷயம். விசாரிக்கத் தலைநகர் டமாஸ்கஸிலிருந்து கலீஃபாவின் அதிகாரி மிஹ்ஸன் வந்தார்.

அவரால் நம்பவே முடியவில்லை. ஊரார் 'அமீர்' என்று அழைக்கும் ஆளுநர் உகைல், கூஃபாவில் இருபது வருஷம் படித்த மேதை. அன்று மாலைகூடப் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து பாடம் சொன்னார். நபியைப் பற்றிய எந்தச் செய்தியை யார் சொல்லக் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று தகப்பன் பெயர், பாட்டன் பெயரோடு மூச்சு விடாமல் அடுக்கினார்.

இவருக்கா மறதி?

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகையில் மிஹ்ஸன் முதல் வரிசையில் நின்றார். ஆளுநர் கணீரென்று ஓதிக்கொண்டே வந்தார். மூன்றாவது வசனத்தில் நின்றுவிட்டார்.

மிஹ்ஸனுக்குப் பக்கத்தில் ஒருவர் மெல்ல அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஆளுநர் அசையவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் அதே சொல்லைச் சொன்னது. ஆளுநர் உடனே தொடர்ந்தார்.

இரண்டாம் நாள் வேறு அத்தியாயம். நடந்தது அதேதான்.

மூன்றாம் நாள் நீளமான அத்தியாயம். எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை! அன்றைக்கு அந்தக் கரகரத்த குரலும் இல்லை.

மிஹ்ஸனுக்கு மண்டை குடைந்தது. வெளியே வந்ததும், புகாரில் முதல் முத்திரை வைத்திருந்த துணி வியாபாரி துஃபைலைப் பிடித்தார்.

"பின்னாலேருந்து எடுத்துக் குடுப்பாரே, அவரு யாருங்க?"

"அவனா? ஹிலால். ஆத்தோரமா மாவு அரைக்கிறவன்."

"இன்னிக்கு வரலையே?"

"காய்ச்சலாம். அவன் பொண்டாட்டி வந்து சொன்னா. அவனே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டோம்."

"ஏன்?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மேல அபாண்டமாப் பழி போட்டவன் ஐயா. எண்பது கசையடி வாங்கினான். அன்னியிலேருந்து அவன் சாட்சி எங்கேயும் செல்லாது. பொழுது விடிஞ்சிடுச்சுன்னு அவன் சொன்னாக்கூட நாங்க வானத்தைப் பார்த்துட்டுத்தான் நம்புவோம்."

சிரித்த துஃபைலின் முகம் சட்டென்று கடுத்தது.

"நான் முதல் வரிசையில நிக்கிறேன். பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி தெளிவா எடுத்துக் குடுக்கிறேன். அமீர் காதுல விழமாட்டேங்குது. அந்தப் பொய்யன் சொன்னா மட்டும் விழுது! நீங்களே சொல்லுங்க, இதைப் பொறுத்துக்கணுமா?"

புகார் எங்கிருந்து கிளம்பியது என்று மிஹ்ஸனுக்குப் புரிந்துவிட்டது. மற்றது புரியவில்லை. நேரே ஆளுநர் வீட்டுக்குப் போனார்.

"அமீர், நீங்க மறந்து நிக்கலை. வேணும்னே நிக்கிறீங்க. அந்த ஹிலால் வந்தா மட்டும் நிக்கிறீங்க."

"நிக்கிறேன்னு எழுதுங்க தம்பி. அது உண்மைதானே?"

"ஏன்னு தெரியாம நான் எப்படி எழுதுறது?"

ஆளுநர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்குக் கசையடி குடுக்கச் சொன்னது நான். இவன் சொல் இனிமே எடுபடாதுன்னு தீர்ப்பு எழுதினதும் நான். அது சரியான தீர்ப்புதான். அப்புறம் அவன் அந்தப் பொண்ணோட வாசல்ல போய் அழுதான். அவளே மன்னிச்சிட்டா. ஆனா நான் படிச்ச சட்டத்துல, சாட்சி செல்லாதுங்கிறதை மாத்த வழியே இல்லை. தேடிப் பார்த்துட்டேன்."

"இதை ஊருக்குச் சொல்லுங்களேன்! புகார் நிக்காது, உங்க பதவியும் தப்பிக்கும்."

"சொன்னா அவன் காதுலயும் விழும். நான் பிச்சை போடுறேன்னு நினைச்சுக் கூசிப்போயிடுவான். நாளைக்கு வாயே திறக்க மாட்டான்."

"பதவி போயிட்டா?"

"போற அன்னிக்குப் போகட்டும் தம்பி. அதுவரைக்கும் தினம் ஒரு தடவையாவது, அவன் சொல்லை நம்பி இந்த ஊரே தொழட்டும்."