தும்புத்தூள் பெட்டி

எண்பத்தைந்தாம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த இலங்கையில், பொலிஸ் ஜீப் ஒரு தமிழர் வீட்டு வாசலில் சும்மா வந்து நிற்காது. யட்டவத்தையில் கந்தோர் எழுத்தராக வேலை பார்த்த மகாலிங்கம் அதைக் கண்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், மேசைக்கடியில் இருந்த, மண் நிரப்பிய பெட்டிக்குள் கையை விட்டார்.

"மண்ணோட என்ன கலந்திருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தும்புத்தூள், சேர், தேங்காய் மட்டையில உதிர்றது. ஆமைக்குஞ்சு வளர்க்கிறேன்" என்றாள் மகாலிங்கத்தின் மனைவி சுசீலாதேவி.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாருமில்ல. பேப்பர் விரிச்சேன், கால் வழுக்குச்சு. மணல் போட்டேன், தீனியோட சேர்த்துத் தின்னுச்சுங்க. இதுலதான் நல்லா நடக்குதுங்க."

மகாலிங்கம் கண்ணைக் காட்டியும் அவள் நிறுத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்துக் கைதட்டினார். ஜீப்பிலிருந்து ஒரு பொலிஸ்காரர் சவர்க்காரப் பெட்டியொன்றைத் தூக்கி வந்தார். உள்ளே, பத்திரிகைத் தாளின் மேல் இரண்டு ஆமைக்குஞ்சுகள் காலைப் பரப்பிக் கிடந்தன.

"என் மகளோடது. ஒன்னு செத்துப்போச்சு, பிள்ளை சாப்பிட மாட்டேங்குது. இந்த வீட்டு நோனாவைக் கேட்கச் சொன்னாங்க சந்தையில" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றியபடி.

சுசீலாதேவி மண்ணும் தும்புத்தூளும் போட்ட ஒரு வாளியை அவரிடமே நீட்டினாள்.

"தண்ணி தெளிச்சுப் பிசைங்க சேர். சேறாகக் கூடாது."

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் மனைவியைத் தவிர வேறு யாரால் இவரை இப்படி வேலை வாங்க முடியும் என்ற பெருமையோடு, மகாலிங்கம் தாமே தேத்தண்ணி போடப் போனார்.