மூலை உடைந்த முத்திரை

சீனாவின் சூச்சோ நகர ஏலக்கூடத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மேசைமேல் ஓர் ஓவியம்; அதில் சாடி நிறைய மஞ்சள் சாமந்தி.

"ஐயா கடைசிக் காலத்துல வரைஞ்சு எனக்குக் கொடுத்தது," என்றான் ஷுன், மறைந்த ஓவியரான என் கணவரின் சீடன். பிள்ளையில்லாத எங்களுக்கு அவன்தான் பிள்ளை. "அசல்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, குருவம்மா."

"இதழெல்லாம் அவர் போட்ட மாதிரியே இருக்கு."

"முத்திரையையும் பாருங்க. அதே உடைஞ்ச மூலை. அவர் படத்துல குத்துற முத்திரைக் கல்லேதான்."

பார்த்தேன். கண் கலங்கியது.

"அந்தக் கல்லை என்ன பண்ணினே?"

"நீங்க சொன்னபடி அன்னிக்கே தேய்ச்சு அழிச்சிட்டேன். நாளைக்கு எவனும் போலி போடக் கூடாதுல்ல?"

"அவர் இருந்தவரைக்கும் அது முழுசாத்தான் இருந்துச்சு, ஷுன். அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு என் கை தவறி விழுந்துதான் மூலை உடைஞ்சது. அப்புறம்தான் உங்கிட்ட கொடுத்தேன்."