ஈரச் சாக்கு

ஆலங்குடாக் கடற்கரையில் அன்று காலை நின்றவர்கள் மூவர்: பதுர்தீன் ஹாஜியார், அவருடைய மருமகன் அஸ்ஹான், டிராக்டர்காரர் கிளைட்டன். ஹாஜியாரின் கெப் வாகனம் மணலில் புதைந்திருந்தது. முதல் நாள் மாலை அதை அங்கே கொண்டுபோனவர் அஸ்ஹான். அந்தக் கரையில் இந்தியாவிலிருந்து படகில் கடத்தல் மஞ்சள் இறங்குவதாக ஹாஜியார் கேள்விப்பட்டிருந்தார்.

“மாமா, அந்தத் தென்னைக்கு அங்கால போங்க.”

“என்ட வாகனத்துக்குப் பக்கத்தில நான் நிக்கக் கூடாதா?”

“கூடாது.”

“மருமகன்ட சொல்லையும் ஒருநாளைக்குக் கேளுங்க, ஹாஜியார்” என்று கிளைட்டன் சிரித்தார்.

ஹாஜியார் தென்னையடியில் நின்று பார்த்தார். கெப்புக்குப் பின்னாலிருந்து அஸ்ஹான் கனமான ஈரச் சாக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சாக்கில என்ன? எங்கட வாசலுக்கு இதுவரைக்கும் பொலிஸ் வந்ததில்ல!”

“பிறகு சொல்றன். கிட்ட வராதீங்க!”

டிராக்டர் கெப்பை இழுத்தது. இழுவைக் கயிறு வெடிச் சத்தத்துடன் அறுந்தது. அதன் நடுவே கட்டியிருந்த சாக்கு அதைப் பாயவிடாமல் மணலில் அமர்த்தியது. ஹாஜியார் முதலில் நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னே கயிறு கிடந்தது.

“சாக்கு இல்லாட்டி ஆளையே வெட்டியிருக்கும், மாமா.”

ஹாஜியார் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். புதுக் கயிறு பூட்டியதும் தாமே சாக்கைத் தூக்கி அதன் நடுவே கட்டினார்.

அஸ்ஹான் மஞ்சள் கடத்தினார் என்று அங்கே நில்லாத பலர் சொல்கிறார்கள். சாக்கில் இருந்தது கடல் மணல்.